கேமராவைக் கம்ப்யூட்டர் எடுக்கவில்லை என்றேன்

எனக்கு ஃபால்ட் கண்டுபிடிக்கத் தெரியும் என்று முப்பது வருஷமாக ஒரு பெயர் இருக்கிறது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் நின்றுபோனால் எந்தக் கேபிளில் கோளாறு, எந்த சுவிட்ச் ஏமாற்றுகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு போய் நிற்பேன். ஷிப்டில் இருக்கிறவர்கள் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. பெருமையை முதலிலேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் செக்‌ஷனில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி இருக்கிறார். கன்வேயருக்கு அடியில் சிந்திக் குவியும் கரியையும் மண்ணையும் வாரிப் போடுகிற வேலை. வடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி போகிற பாதையில் இறங்கி உள்ளே நடந்தால் அவருடைய ஊர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அவர் எனக்கு வாங்க, போங்க, சார். பெர்மனென்ட்டுக்கும் காண்ட்ராக்ட்டுக்கும் நடுவே பேச்சு அப்படித்தான் ஓடும், அதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை. எழுதும்போது அவர் என்று எழுத வருகிறது. நேரில் வாய் வருவதில்லை.

பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. போட்டோவுக்கு ஆள் சொல்லியிருந்தார், வீடியோவுக்குச் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் என்னிடம் ஒரு ஹேண்டிகேம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் ஒன்றை உள்ளே போட்டால் ஒரு மணி நேரம் ஓடும். எங்கள் பிளாக்கில் யார் வீட்டுக் காதுகுத்து, பிறந்தநாள் என்றாலும் நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவேன். யாரும் கூப்பிடாத இடத்துக்கும் போயிருக்கிறேன். கேன்டீனில் பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "வீடியோவுக்கு ஏன் கவலைப்படுற, நான் வந்து எடுத்துத் தரேன்" என்று அவரிடம் சத்தமாகச் சொன்னேன். பத்துப் பேருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் அந்தச் சத்தம்.

சொன்னபடி போனேன், எடுத்தேன். சிடி போட்டுத் தருவதாகச் சொன்னேன். கல்யாணம் முடிந்த வாரமே அவர் ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்தார். வீட்டில் அப்போதிருந்த கம்ப்யூட்டரில் கேமராவை மாட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு தடவை மாட்டினேன், இரண்டு தடவை மாட்டினேன், அப்புறம் கேமராவைப் பையில் போட்டு பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஃபால்ட் பிடிபடவில்லை, ஷிப்ட் முடியப்போகிறது என்றால், லாக் புக்கில் 'அண்டர் அப்சர்வேஷன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம். அடுத்த ஷிப்ட்காரன் பார்த்துக்கொள்வான். அவனும் அதையே எழுதுவான். அந்த மனுஷர் சிடி கேட்டபோதெல்லாம் நான் இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னேன். "பாத்துக்கிட்டே இருக்கேன்ப்பா, கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது." இரண்டு மூன்று வருஷம் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். பலாப்பழத்தை மட்டும் ஒவ்வொரு சீசனுக்கும் கொண்டுவந்தார். நானும் வாங்கி வைத்துச் சுளை பிரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துச் சாப்பிட்டேன்.

போன வருஷம் அவர் மனைவி இறந்துவிட்டார். களை எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் போய்விட்டார். செக்‌ஷனிலிருந்து நான்கைந்து பேர் மாலையோடு போய் வந்தார்கள். எனக்கு அன்று ஷிப்ட். மாற்றிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஒரு நாள், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணுமுங்க. கோச்சுக்கக் கூடாது. பொண்ணு கல்யாணத்துல நீங்க வீடியோ எடுத்தீங்களே, அது இன்னும் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். எதற்கு என்று கேட்டேன்.

"அடுத்த மாசம் எங்க ஊட்டுக்காரிக்குத் தலைத்தெவசம் வருதுங்க. கல்யாண ஆல்பம் புயல்ல கூரை போனப்ப ஊறிப் போயிட்டுது. ரேசன் கார்டுல இருந்த போட்டோவப் பெரிசு பண்ணி மாட்டி வச்சிருக்கறேன். அது என்னைத் தெரியாத மாரி பாத்துக்கினு நிக்குது. அவ நடக்கறத ஒரு தடவ பாத்தாப் போதுமுங்க. பொண்ணும் பாக்கும்."

"அதுக்கென்னப்பா, போட்டுத் தரேன்" என்றேன். இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பதினைந்து வருஷக் கடனை நினைத்துக் கூசியது. இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பீரோவின் மேலிருந்து கேமராவை இறக்கினேன். பேட்டரி செத்துப் போயிருந்தது. அடாப்டரை நேராகச் செருகியதும் பச்சை விளக்கு வந்தது. கேசட் உள்ளேயே இருந்தது. லேப்டாப்பில் யுஎஸ்பி வயரை மாட்டினேன். ஒன்றும் இல்லை. வேறு துளையில் மாட்டினேன், வேறு வயர் தேடி மாட்டினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். எங்கோ ஓர் ஓரத்தில் 'தெரியாத சாதனம்' என்று ஒரு வரி வந்து மறைந்தது. டிரைவர் வேண்டும் என்று தோன்றியது. தேடினால் அந்த மாடலுக்கெல்லாம் இப்போது யாரும் டிரைவர் வைத்திருக்கவில்லை. யூடியூபில் ஒருவர் இந்தியில் விளக்கினார். எனக்கு இந்தி தெரியாது, அவர் விரல் போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்து நானும் செய்தேன்.

இரண்டாம் நாள் கேமராவின் பக்கவாட்டில், படம் எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் மாற்றுகிற திருகைத் தற்செயலாகத் திருப்பினேன். லேப்டாப் டிங் என்றது. அடேயப்பா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேமராவுக்குள் ஒரு சின்ன மெமரி கார்டு இருந்திருக்கிறது, அதிலிருந்த மூன்று போட்டோக்களை லேப்டாப் காட்டியது. மூன்றும் என் மகன் சைக்கிள் ஓட்டுகிற போட்டோ. ஆக கார்டை எடுக்கிறது, கேசட்டை எடுக்கவில்லை. ஃபால்ட்டைப் பாதிக்குப் பாதி குறுக்கிவிட்டேன் என்று டாக்டர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான்.

"அப்பா, கேசட்ல இருக்கறது அந்த வயர் வழியா வராதுப்பா. பக்கத்துல ரப்பர் மூடி போட்டு இன்னொரு குட்டி ஓட்டை இருக்கும் பாருங்க. ஃபயர்வயர்னு பேரு. அதுலதான் வரும். உங்க லேப்டாப்ல அதுக்கு எடமே கிடையாது. லேப்டாப் மேல தப்பில்ல."

ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினேன். இருந்தது. பதினைந்து வருஷமாக நான் திறந்தே பார்க்காத மூடி. ஆயிரம் மீட்டர் கேபிளில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற ஆள் உள்ளங்கை அகலக் கேமராவில் ஒரு மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்கு அந்தக் கல்யாணம் எனக்கு முக்கியமில்லை, அவ்வளவுதான்.

"அவசரம்னா பழைய டிவில மாட்டிப் பாருங்களேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் ஒண்ணு கேமராவோட வந்துச்சே" என்றான் மகன்.

பின்கட்டு அறையில் பழைய டிவி ஒன்று துணி மூடிக் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம், மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, மூன்று வயரையும் நிறம் பார்த்துச் செருகி, கேசட்டைப் பின்னால் ஓட்டி, பட்டனை அழுத்தினேன். படம் வந்தது. வாழைமரம் கட்டிய வாசல், ரோட்டில் போகும் டவுன் பஸ், மேளம். உற்சாகத்தில் விசிலடித்தேன்.

அந்த விசில் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் எடுத்திருந்தேன். அதில் என் மனைவியின் பட்டுச்சேலை இருந்தது. என் மகன் நாற்காலிகளுக்கு நடுவே ஓடினான். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் இருந்தார், இருந்தார், இருந்துகொண்டே இருந்தார். காண்ட்ராக்ட் தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆபீசர் வருவது பெரிய விஷயம். முன்வரிசையில் துண்டு விரித்த நாற்காலி போட்டு, கலர் உடைத்துக் கொடுப்பார்கள். அவர் ஜீப்பிலிருந்து இறங்கியது, கும்பிட்டது, கலர் குடித்தது, பாட்டிலைக் கீழே வைத்தது எல்லாவற்றையும் எடுத்திருந்தேன். அவர் வந்த நேரத்தில் மேடையில் தாரை வார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்ற தாய் செம்பிலிருந்து நீர் ஊற்ற வேண்டிய சடங்கு. நானோ கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன்.

அந்த அம்மாவைத் தேடினேன். பந்தியில் இல்லை. உறவுக்காரர்கள் வரிசையில் இல்லை. ஒரு இடத்தில் பச்சைச் சேலை முதுகு கதவுக்குள் போனது, அவ்வளவுதான். தாலி கட்டும் நேரம் வந்தது. ஆபீசரையும் மேடையில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் அட்சதைத் தட்டு ஒன்று நுழைந்தது, தட்டைப் பிடித்த கை, முழங்கை, பச்சைச் சேலையின் தோள். அவர்தான். இதோ முகம் வரப்போகிறது என்று டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்தேன். அப்போது ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு. ஆபீசரை மறைக்கிற பாரு."

அது என் குரல். தட்டும் கையும் தோளும் படத்தை விட்டு வெளியே போயின. ஆபீசர் பளிச்சென்று தெரிந்தார். தாலி கட்டி முடித்தார்கள். அதற்கப்புறம் அந்த அம்மா எங்கும் வரவில்லை.

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. அவருடைய மகள் கல்யாணத்தில், அவரை, யாரோ பந்தல் வேலைக்கு வந்த ஆளை விரட்டுகிற மாதிரி விரட்டியிருக்கிறேன். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் அந்தக் குரல் மாறவில்லை. மனைவி வரும் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் கன்வேயர் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்.

"ரெண்டு மூணு நாளா உக்காந்து பாத்துட்டேன்ப்பா. கேமராவைக் கம்ப்யூட்டர் எடுக்கவே மாட்டேங்குது."

பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் அதிலிருந்த வசதி.

"அப்படிங்களா" என்றார். மண்வெட்டியைக் கன்வேயர் தூணில் சாய்த்து வைத்தார். "வடலூர்ல ஒரு ஸ்டுடியோவுல பழைய கேசட்டெல்லாம் மாத்திக் குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. நீங்க ஏன் செரமப்படறீங்க. கேசட்டக் குடுங்க, நான் எடுத்துக்கினு போயி கேட்டுப் பாக்கறேன்."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

இதையும் எழுதிவிட வேண்டும். சனிக்கிழமை நான் மறுபடி அந்த அறைக்குள் போனேன். லென்ஸை மூடினேன். கேசட்டின் முதுகில் ஒரு சின்னத் தகடு உண்டு, அதைத் தள்ளிவிட்டால் பதிந்ததன் மேலேயே பதியலாம். தள்ளிவிட்டேன். கேசட்டைப் பின்னால் ஓட்டிவிட்டுச் சிவப்புப் பட்டன் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருட்டைப் பதித்தால் போதும். பழைய கேசட், பூஞ்சணம் பிடித்து அழிந்துவிட்டது என்று வடலூர் ஸ்டுடியோக்காரரே அவரிடம் சொல்லிவிடுவார். நான் அழுத்தவில்லை. நல்லவன் என்பதால் என்று எண்ணிவிட வேண்டாம். ஆபீசர் முகம் அழிந்தால் பரவாயில்லை, என் மகன் ஓடுவதும் அதில்தானே இருக்கிறது என்ற நினைப்பு வந்தது, விரலை எடுத்தேன். அப்போதுகூட என் வீட்டைத்தான் நினைத்தேன். கேமராவை டிவியோடு அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காலையிலேயே வந்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி கதவைத் திறந்திருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் அவள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்யாண கேசட்டா? உள்ள டிவில மாட்டி வச்சிருக்காங்களே. போன வாரம்கூட ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, நான் வரும்போது சத்தம் கேட்டுச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஓடுதுங்களா சார்?"

"டிவியில மட்டும் ஓடுது" என்றேன். "கம்ப்யூட்டர்லதான் எடுக்கல."

"டிவியில ஓடுனாப் போதுமுங்களே" என்றார்.

அறைக்குக் கூட்டிப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். நுனியில் உட்கார்ந்தார். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் பட்டனை அழுத்திவிட்டு அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன், அவர் முகம் எனக்குத் தெரியாத இடமாகப் பார்த்து.

வாழைமரம் வந்தது. பஸ் வந்தது. அவர் ஒவ்வொரு ஆளாக அடையாளம் சொன்னார், இறந்துபோனவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது தூரத்தில் மேளம் உயர்ந்தது.

"இப்பத்தாங்க அந்தாண்ட தாரை வாத்துக்கினு இருக்கறோம்" என்றார், டிவியில் தெரியாத பக்கத்தைக் கையால் காட்டி. குற்றம் சொல்லும் குரலே இல்லை. வீட்டுக்கு வழி சொல்கிறவர் போலச் சொன்னார்.

பச்சைச் சேலை கதவுக்குள் போனபோது முன்னால் சாய்ந்தார். "அது அவ முதுகுங்க." நான் ம் என்றேன். தாலி கட்டும் இடம் நெருங்கியது. அணைத்துவிடலாமா, கரண்ட் போனால் தேவலையே என்றெல்லாம் மனம் அலைந்தது. தட்டு வந்தது. கை வந்தது. தோள் வந்தது. என் குரல் வந்தது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"நிறுத்துங்க சார்" என்றார். "கொஞ்சம் பின்னால போங்க."

சரி, கேட்டுவிட்டார், இனிக் கேட்க வேண்டியதைக் கேட்பார் என்று பின்னால் ஓட்டினேன். மறுபடி தட்டு, கை, தோள், என் குரல். இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை ஓட்டினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. புத்தியில்லாம..."

அவர் திரும்பாமலே கையைத் தூக்கி என்னை அடக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் என் பேச்சை நிறுத்தியது அது ஒன்றுதான்.

"இருங்க சார். அவ பேசறா."

நான்காவது தடவை ஓட்டியபோது நானும் கேட்டேன். என் குரல் முடிந்த கையோடு, மேளத்துக்கு அடியில், மெல்லிய ஒரு குரல். "சரிங்க." அவ்வளவுதான். தட்டும் கையும் தோளும் விலகிப்போயின. அந்தக் கேசட்டை நான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். என் குரலைக் கேட்டு அவமானப்படுவதிலேயே குறியாக இருந்து, அந்த அம்மாவின் குரலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவர் அழவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"வடலூருக்கெல்லாம் போக வேணாங்க. இதையே போன்ல புடிச்சிக்கறேன். பொண்ணுக்கு இது போதும். அந்த எடத்துலேந்து போடுங்க."

நான் கேசட்டைப் பின்னால் ஓட்டினேன். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, "நான் பேசறது முடிஞ்சப்புறம் சொல்றேன், அப்ப நீ ரெக்கார்டு போட்டுக்க. அவங்க குரல் மட்டும் வரும்" என்றேன். எவ்வளவு கெஞ்சலாகக் கேட்டது என்று எனக்கே தெரிந்தது. திவசத்தன்று அவர் மகளும் சொந்தக்காரர்களும் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்பார்கள்.

அவர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார்.

"வேணாங்க சார். நீங்க சொல்றதும் இருக்கட்டும். இல்லன்னா அவ எதுக்குச் சரிங்கன்னு சொல்றான்னு பொண்ணுக்குத் தெரியாது."

போனை இரண்டு கையாலும் டிவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, போடுங்க என்று தலையசைத்தார். போட்டேன்.